குரலா, மிக்ஸா, உங்கள் சவுண்ட்பாரா?

சென்ற இதழில் டேவிட் கில்மரின் 'லைவ் அட் பொம்பெய்' கச்சேரிப் படத்தைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்தோம். 2016 ஜூலை 7, 8 ஆகிய இரண்டு இரவுகளில், இத்தாலியின் பொம்பெய் இடிபாடுகளுக்குள் இருக்கும் ரோமானிய வட்டரங்கில், பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் பாடகரும் கிட்டார் கலைஞருமான கில்மர் தன் 70ஆவது வயதில் நடத்திய கச்சேரி அது. 2017 செப்டம்பர் 13 அன்று உலகெங்கும் தியேட்டர்களில் வந்தது, அந்த மாதக் கடைசியில் டிஸ்க்காகவும் வெளியானது. பெங்களூரின் எல்லாத் திசையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. "இந்த ஜென்மத்துக்கு இது போதும்" என்று சிலர், "இந்த வயதில் இது தேவையா" என்று சிலர். எல்லாவற்றையும் படித்தபின் எங்களுக்குப் பட்டது இதுதான்: பாடகர் தலையில் விழும் பழியில் பாதி மிக்ஸிங்குக்கும் (குரலையும் கருவிகளையும் அளவாகக் கலப்பது), எடிட்டிங்குக்கும், நம் வீட்டு டி.வி. செட்டிங்குக்கும் போய்ச் சேர வேண்டியது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்தக் கச்சேரிக்கே.

அல்சூர் வாசகர்: பிங்க் ஃப்ளாய்டின் 1994 லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கச்சேரியை கேசட் தேயத் தேயக் கேட்டவன் நான். பொம்பெயில் குரல் கிழிந்து கேட்கிறது. ஒளிக்காமல் சொல்லுங்கள், ஓய்வு எடுத்திருக்க வேண்டிய குரல்தானே?

குரல் மாறியிருக்கிறது, சந்தேகமே இல்லை. ஓய்வு எடுக்கும் அளவுக்கு இல்லை என்பது எங்கள் முடிவு. வயது ஏறும்போது குரல்நாண்களில் உள்ள தசை மெலிகிறது. இரண்டு நாண்களும் முழுசாக மூடாமல் நடுவில் மெல்லிய இடைவெளி விழுகிறது, அதன் வழியே காற்று கசிகிறது. நெஞ்சுக்கூடும் முன்போல விரியாது. இதெல்லாம் பாட்டு முழுக்க ஒரே அளவில் தெரியாது. மேலே ஏறி நீட்டும் இடம், மெதுவாகத் தொடங்கும் வரியின் முதல் எழுத்து, நீண்ட வரியின் கடைசிச் சொல், இந்த மூன்று இடங்களில்தான் காட்டிக்கொடுக்கும்.

கில்மர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. காற்று கலந்த சொரசொரப்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது, அதற்காகவே பலருக்கு அவரைப் பிடித்தது. எனவே எது இயல்பு, எது வயது என்று பிரிக்க ஒரு வழி சொல்கிறோம். 'ஃபேட் ஓல்ட் சன்' பாட்டின் 1970 ரெக்கார்டைக் கேளுங்கள், உடனே பொம்பெயில் பாடியதைக் கேளுங்கள். இடையில் 46 வருஷம். பிறகு 'விஷ் யூ வேர் ஹியர்'. பேசுவதுபோன்ற ஸ்தாயியில் போகும் பாட்டு, அதில் வயது அவருக்குக் கனத்தைத்தான் கொடுத்திருக்கிறது. அடுத்து 'டைம்'. உரத்துப் பாடும் வரிகளில் நீங்கள் சொல்லும் கிழிசல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். 21 பாட்டில் ஒருசில இடத்துக்காக மொத்தத்தையும் தள்ளிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

2024இல் ரோம் நகரின் சர்க்கஸ் மாக்ஸிமஸ் திடலில் 78 வயதில் பாடியதும் படமாகி 2025இல் வந்துவிட்டது. அதையும் பொம்பெயையும் அடுத்தடுத்து வைத்தால் எட்டு வருஷம் என்ன செய்யும் என்பது காதுக்கே தெரியும்.

ஃப்ரேசர் டவுன் வாசகி: 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டில் வேறு யாரோ வந்து பாடுகிறார். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டையோ மூன்று பேர் பங்குபோட்டுப் பாடுகிறார்கள். இதை எப்படி ஏற்பது?

முதலாவதை ஏற்கலாம். அந்தப் பாட்டு 1979இலேயே இரண்டு குரலுக்காக எழுதியது. டாக்டர் பேசுவதுபோன்ற வரிகள் அப்போது பிங்க் ஃப்ளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் பாடியவை, மேலே விரியும் வரிகள் கில்மருடையவை. வாட்டர்ஸ் மேடையில் இல்லாதபோது யாராவது அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். பொம்பெயில் நிரப்பியவர் சக் லெவெல். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குப் பல காலமாக கீபோர்டு வாசிப்பவர், அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்தவர். உச்சரிப்பில் அமெரிக்காவின் தென்பகுதி மாநிலங்களின் இழுவை இருக்கிறது, லண்டன் கண்டிப்பு இல்லை. உங்களுக்கு உறுத்தியது அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவதில் நாங்கள் உங்கள் கட்சி. 1973 ரெக்கார்டில் அது ஒரே பெண்ணின் குரல். கிளேர் டோரி ஸ்டூடியோவுக்கு வந்து, வார்த்தையே இல்லாமல், அந்த நேரத்தில் தோன்றியதைப் பாடிவிட்டுப் போனார். அன்று கையில் கிடைத்தது 30 பவுண்டு. 2005இல்தான் பாட்டை இயற்றியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது. அது மனோதர்மமாகப் பிறந்த ஆலாபனை. அதை லூயிஸ் மார்ஷல், லூசிடா ஜூல்ஸ், பிரையன் சேம்பர்ஸ் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தபோது சுத்தம் வந்தது, விழுந்துவிடுவாரோ என்ற பதைப்பு போய்விட்டது. மூவரும் நல்ல பாடகர்கள், சுருதி எங்கும் பிசகவில்லை. ஆனால் அந்தப் பாட்டு நம்மை நாற்காலி நுனிக்கு இழுத்துவருவதே அந்தப் பதைப்பால்தான்.

ஸ்ரீராம்புரம் வாசகர்: ப்ளூ-ரே வாங்கி, டி.வி.யோடு சவுண்ட்பாரும் சப்-வூஃபரும் இணைத்துப் பார்த்தேன். டிரம்ஸ் இடிக்கிறது, குரல் கிணற்றுக்குள் கிடக்கிறது. மிக்ஸ் செய்தவர் காது கேட்காதவரா?

மிக்ஸ் செய்தவரை விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாத் தடயமும் இருக்கிறது.

கச்சேரி டிஸ்க்குகளில் பொதுவாக இரண்டு ஆடியோ இருக்கும். ஒன்று 5.1 (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், கீழ்ஸ்தாயி ஒலிக்கு ஒரு சப்-வூஃபர்), மற்றது இடது, வலது மட்டும் உள்ள ஸ்டீரியோ. 5.1 மிக்ஸில் பாடகர் குரலின் பெரும்பகுதியை நடு ஸ்பீக்கரில் வைப்பார்கள். உங்கள் பாரில் தனி நடு ஸ்பீக்கர் இல்லையென்றால், அந்த நடுச்சேனலை பிளேயரோ டி.வி.யோ பாரோ இடதுக்கும் வலதுக்கும் பிரித்துப் போட வேண்டும். முறையாகச் செய்தால் 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் சேர்க்கும். ஆனால் பின் ஸ்பீக்கர்களுக்குரிய கைதட்டலும் எதிரொலியும் அதே இரண்டு ஸ்பீக்கரில் வந்து கொட்டும். பிளேயர் ஒருமுறை, பார் இன்னொருமுறை 'சரவுண்ட்' வித்தை காட்டினால் குரல் கரைந்தே போகும். எனவே முதல் வேலை: டிஸ்க் மெனுவில் ஆடியோ பகுதிக்குப் போய் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். பாரில் 'மூவி', 'சரவுண்ட்', '3டி' எதுவும் வேண்டாம், 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'மியூசிக்' மட்டும். 'நைட் மோட்' இருந்தால் அணையுங்கள். அது மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி எல்லாவற்றையும் தட்டையாக்கும். கில்மர் கிசுகிசுப்பதும் கத்துவதும் ஒரே அளவில் கேட்டால் இதுதான் காரணம்.

அடுத்தது கேபிள். பிளேயரிலிருந்து டி.வி.க்கு, டி.வி.யிலிருந்து ஏ.ஆர்.சி. (டி.வி.யின் ஒலியை எச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக பாருக்கு என்று இணைத்திருந்தால், ப்ளூ-ரேயின் இழப்பில்லாத 5.1 ஆடியோ அந்த வழியில் முழுசாகப் போகாது. சாதா ஏ.ஆர்.சி.க்கு அவ்வளவு கொள்ளளவு கிடையாது, சுருக்கிய வடிவம்தான் போகும். அதன் புதிய வடிவமான ஈ-ஏ.ஆர்.சி. இரண்டு பக்கமும் இருந்தால் போகும். இல்லையென்றால் பிளேயரை நேரே பாரின் எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டில் செருகி, அங்கிருந்து டி.வி.க்கு ஒரு கேபிள் கொடுங்கள். ஸ்டீரியோ மட்டும் கேட்கப்போகிறீர்கள் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், அது ஏ.ஆர்.சி.யில் தாராளமாகப் போகும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேபிளின் முனை தங்கமுலாம் பூசியது என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்பார்கள். இரண்டு மீட்டர் நீளத்துக்கு, 'ஹை ஸ்பீட்' என்று அச்சிட்ட சாதாரண கேபிளே போதும்.

இனி இடி. சப்-வூஃபரைச் சுவர் மூலையில் வைத்திருக்கிறீர்கள், சரிதானே? நம்மூர் வாடகை வீட்டு ஹால் பெரும்பாலும் 12க்கு 10 அடி. 12 அடி நீளத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸில் ஒலி மோதி மோதிப் பெருகும், 10 அடியில் 56 ஹெர்ட்ஸில். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதில் இரண்டாம் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டு) அழுத்தினால் 46, ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் 55. ஆக பேஸ் வாசிக்கும் கை பிராட் அந்த இரண்டு சுரங்களைத் தொடும்போதெல்லாம் உங்கள் ஹாலே கூடச் சேர்ந்து வாசிக்கிறது. மூலையில் வைத்த சப் அந்தப் பெருக்கத்தை இன்னும் ஊதிவிடும்.

இதற்குக் காசு செலவில்லாத வைத்தியம் உண்டு. சப்-வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவில் தூக்கி வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து தவழ்ந்து போங்கள். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும் இடம் ஒன்று கிடைக்கும். சப்பை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அந்த இடத்தில் பூஜை அலமாரியோ பீரோவோ இருந்தால், மூலையிலிருந்து குறைந்தது இரண்டு அடியாவது நகர்த்துங்கள். கிராஸ்-ஓவர் குமிழ் (எந்த அளவுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்பதைக் குறிப்பது) இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பிறகு சப்பின் வால்யூமை முழுக்க இறக்கி, கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, 'சப் ஓடுகிறது' என்று தனியாகத் தெரியத் தொடங்கும் புள்ளிக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

இத்தனையும் செய்தபின்னும் குரல் கிணற்றுக்குள் கிடந்தால் மறுபடி எழுதுங்கள்.

ஜீவன் பீமா நகர் வாசகர்: சில இடங்களில் உதடு ஒன்று சொல்கிறது, காது ஒன்று கேட்கிறது. ஸ்டூடியோவில் திரும்பப் பாடி ஒட்டிவிட்டார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?

ஒட்டுவேலை ராக் உலகத்துக்குப் புதிதல்ல. 1976 நவம்பர் 25 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த 'தி பேண்ட்' குழுவின் விடைபெறும் கச்சேரி 1978இல் படமாக வந்தபோது, பல பகுதிகள் ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துச் சேர்க்கப்பட்டிருந்தன. ஆனால் உதடு பொருந்தாததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் உங்கள் டி.வி. படத்தை மெருகேற்ற டி.வி. எடுக்கும் நேரத்தில் சத்தம் முந்திப் போய்விடும். சத்தம் படத்தைவிட 45 மில்லிசெகண்ட் முந்தினாலே நமக்கு உறுத்தத் தொடங்கும். பிந்தினால் ஏறக்குறைய 125 வரை காது பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் தூரத்தில் துணி துவைப்பதைப் பார்த்துப் பழகிய காது அது. டிரம்மர் ஸ்நேர் மேல் குச்சியை இறக்கும் நெருக்கக் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். குச்சி தோலைத் தொடுவதற்கு முன்பே 'டப்' கேட்டால், பாரின் 'ஏ.வி. சிங்க்' செட்டிங்கை 10, 20 மில்லிசெகண்டாக ஏற்றுங்கள். பிந்திக் கேட்டால் அந்த செட்டிங்கைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, பிளேயரின் ஆடியோ வெளியீட்டை பி.சி.எம். என்ற சுருக்காத வடிவத்துக்கு மாற்றுங்கள். படம் முழுக்க ஒரே அளவில் விலகல் இருந்தால் குற்றவாளி டி.வி.தான். சில ஷாட்டுகளில் மட்டும் இருந்தால் மேலே படியுங்கள்.

இரண்டாவது, இரண்டு இரவுகள். ஒரு பாட்டுக்கு ஒரு இரவின் ஆடியோவை எடுத்துக்கொண்டு, படத்தை இரண்டு இரவிலிருந்தும் எடுத்துக் கோர்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பின்னால் திரையில் காட்சி ஓடும் பாட்டுகளுக்கு டிரம்மர் காதில் தாளம் காட்டும் 'கிளிக்' ஒலி ஓடும், அதனால் இரண்டு இரவிலும் காலப்பிரமாணம் ஒன்றுபோலவே இருக்கும், ஒட்டுவது சுலபம். ஆனால் பாடகர் ஒரு சொல்லை நேற்று அரைமாத்திரை முன்னாலும் இன்று அரைமாத்திரை பின்னாலும் எடுப்பார். அங்கே உதடு பிசகும். கண்டுபிடிக்கும் குறிப்புகள்: டீ-ஷர்ட்டின் வேர்வை ஈரம் ஷாட்டுக்கு ஷாட் மாறுவது, மைக் ஸ்டாண்டின் உயரம், கிட்டார் தலையில் சுற்றாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனிகள், காலடியில் தண்ணீர் பாட்டில். இது ஏமாற்று அல்ல. பாடியது அவர்தான், அந்த மேடையில்தான்.

மூன்றாவதுதான் உங்கள் நண்பர் சொல்வது. அதைக் காதால் பிடிக்க வேண்டும். பாடகர் மைக்கிலிருந்து தலையைத் திருப்பும்போது குரல் மெலிய வேண்டும். மெலியாவிட்டால் சந்தேகப்படுங்கள். 'ப', 'ப்ஹ' போன்ற எழுத்துகளில் மைக்கில் காற்று மோதும் சின்ன 'புஃப்' வர வேண்டும். குரல் மைக்கிலேயே பின்னாலிருந்து சிம்பலின் சலசலப்பு கசிந்து கேட்க வேண்டும். ஒரு வரியில் மட்டும் அந்தச் சலசலப்பு திடீரென்று நின்று, வரி முடிந்ததும் திரும்பி வந்தால், அந்த வரி வேறெங்கோ பிறந்தது. பொம்பெய் படத்தை ஹெட்ஃபோனில் இந்த மூன்றுக்காகவே கேட்டோம். முன்னணிக் குரலில் அப்படி எங்களுக்கு எதுவும் அகப்படவில்லை.

பசவனகுடி வாசகர்: ராமநவமிக் கச்சேரிகளுக்குத் தவறாமல் போகிறவன் நான். வித்வான் வயதானதும் சுருதியை இறக்கினால் நாம் யாரும் குறை சொல்வதில்லை. ராக் ரசிகர்கள் மட்டும் ஏன் அதைத் தோல்வி என்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. நம் சங்கீதத்தில் சுருதி பாடுகிறவருக்குச் சொந்தம். இளமையில் இரண்டு கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடியவர் அறுபதில் ஒன்றரைக்கோ ஒன்றுக்கோ வந்தால், தம்புராவைத் திருகி, வயலின் இறக்கி, வேறு மிருதங்கம் எடுத்துவைத்தால் வேலை முடிந்தது. ராகம் ராகமாகவே இருக்கும். சாமராஜப்பேட்டை கோட்டைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் உட்கார்ந்து எது எத்தனை கட்டை என்று யாரும் கணக்கு வைப்பதில்லை, சாரீரம் ஒத்துழைக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

ராக்கில் சுருதி ரெக்கார்டுக்குச் சொந்தம். ஐம்பது வருஷமாக அதே பாட்டை அதே சுருதியில் கோடிப் பேர் கேட்டிருக்கிறார்கள், அரைக் கட்டை இறங்கினாலும் 'என்னவோ கனமாக இருக்கிறதே' என்று காது சொல்லிவிடும். இன்னொரு காரணம் கிட்டார். பல பாட்டுகள் அழுத்தாத வெறும் கம்பியின் அதிர்வை நம்பிக் கட்டியவை. ஒரு முழுச் சுரம் இறக்கிப் பாட வேண்டுமென்றால், விரல் இடம் மாற்றி வாசிக்கும்போது அந்த வெறும்கம்பி ஒலி போய்விடும். ஆகவே கம்பியையே தளர்த்துவார்கள். ஒரு முழுச் சுரம் தளர்த்தினால் கம்பியின் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். கம்பி தொளதொளத்து, அழுத்தும்போது சுரம் மேலே விலகும். அதற்காக 10ஆம் நம்பர் கம்பி செட்டுக்குப் பதில் சற்றுத் தடித்த 11ஆம் நம்பர் செட் மாட்டுவார்கள், இழுவிசை கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வந்துவிடும். ஒலி மட்டும் சற்று இருளும்.

இதற்கு நல்ல உதாரணம் 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பலின் என்ற ராக் குழு நடத்திய ஒற்றைக் கச்சேரி. பாடகர் ராபர்ட் பிளாண்டுக்கு அப்போது 59. பல பாட்டுகளை இறக்கித்தான் பாடினார். அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற 'ஸ்டேர்வே டு ஹெவன்' ரெக்கார்டில் ஆறு கட்டை, அன்று ஐந்து. 2012இல் அது படமாக வந்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நாங்கள் இறக்கியதன் பக்கம். மேலே எட்டிப் பிடிக்க முடியாமல் வரியை விழுங்குவதைவிட, ஒரு கட்டை கீழே நின்று சொல்லைத் தெளிவாகச் சொல்வது பாட்டுக்குச் செய்யும் மரியாதை.

ஒரு எச்சரிக்கை: சுருதி மாறியதாகத் தோன்றினால் டிஸ்க்கையும் சந்தேகியுங்கள். இந்தியாவில் பழைய டிவிடிகள் பல 'பால்' (PAL) என்ற வீடியோ முறையில், நொடிக்கு 25 ஃபிரேம். 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அப்படியே 25இல் ஓட்டினால் பாட்டு 4 சதவீதம் வேகமாகி, சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். போனில் உள்ள ட்யூனர் ஆப்பை கீபோர்டின் ஒரு நீண்ட சுரத்துக்குப் பிடியுங்கள். எல்லாச் சுரமும் ஒரேபோல 70 சென்ட் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்) மேலே காட்டினால் அது வேகம்தான், பாடகர் அல்ல.

ஈஜிபுரா வாசகி: கிட்டார் சோலோ உச்சத்துக்குப் போகும்போது கேமரா லேசரையும் கூட்டத்தையும் காட்டுகிறது. விரலைக் காட்டினால் என்ன?

நியாயமான கோபம். 'கம்ஃபர்டப்ளி நம்' கடைசி சோலோவில் எத்தனை முறை ஷாட் மாறுகிறது, அதில் எத்தனை ஷாட்டில் இடதுகை விரல் தெரிகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். உங்கள் புகாருக்குக் கணக்கு கிடைத்துவிடும். கில்மர் கம்பியை மேல்நோக்கித் தள்ளி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது நம் கமகத்துக்கு அண்ணன் தம்பி. மூன்று விரலும் சேர்ந்து கம்பியைத் தள்ளுவதைப் பார்த்தால்தான் அந்தச் சுரம் ஏன் அழுகிறது என்று புரியும்.

எடிட்டர் பக்கம் ஒரு வார்த்தை: வட்டத்திரையும் லேசரும் அந்தக் கச்சேரியின் பாதி, அதையும் காட்டத்தான் வேண்டும். லேசரில் படம் நடுங்கினாலோ புகையில் வளையம் வளையமாகக் கோடு தெரிந்தாலோ டி.வி.யில் 'மோஷன் ஸ்மூத்திங்' போன்ற பெயரில் இருப்பதை அணையுங்கள்.

ராமமூர்த்தி நகர் வாசகர்: 2002இல் பேலஸ் கிரவுண்ட்ஸில் ரோஜர் வாட்டர்ஸ், 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிகா, எல்லாம் நேரில் பார்த்தாயிற்று. அந்த அதிர்வு எந்தப் படத்திலும் இல்லையே?

இருக்காது. பேலஸ் கிரவுண்ட்ஸில் மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி நின்றால் மேடைச் சத்தம் வந்துசேர 175 மில்லிசெகண்ட் ஆகும். அதனால் நடுவில் நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்களுக்கு அதே அளவும், அதற்கு மேல் ஒரு 10, 15 மில்லிசெகண்டும் தாமதம் கொடுப்பார்கள், அப்போதுதான் சத்தம் மேடையிலிருந்தே வருவதுபோல் தோன்றும். நூறு மீட்டருக்கு அப்பால் பெரிய திரையில் பாடகர் உதடு முன்னால் போகும், குரல் கிட்டத்தட்ட 300 மில்லிசெகண்ட் பின்னால் வரும். காற்றடித்தால் உச்ச ஒலிகள் வந்து வந்து போகும். சப்-வூஃபர் வரிசை நெஞ்செலும்பில் தட்டும். படத்துக்கு மிக்ஸ் செய்கிறவர் இதையெல்லாம் துடைத்துவிட்டு, ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் நேரே மிக்ஸிங் மேஜைக்கு எடுக்கிறார். கூட்டத்தின் ஒலிக்குத் தனி மைக்குகள், அவர் ஏற்றியதுதான் ஏற்றம். பொம்பெயில் பார்வையாளர் இரவுக்கு ஏறக்குறைய 2,600 பேர்தான், பழைய கல்லரங்கின் நடுத்தரையில் நின்றார்கள். அந்த ஆரவாரத்தை பேலஸ் கிரவுண்ட்ஸ் அளவுக்கு ஊதிக் காட்டாமல் விட்டது எங்களுக்குப் பிடித்தது.

விவேக் நகர் வாசகர்: டிஸ்க் வாங்கத்தான் வேண்டுமா? யூட்யூபில் பாட்டுகள் கிடைக்கின்றனவே.

ருசி பார்க்க யூட்யூப் போதும். ஆனால் அங்கே வரும் ஸ்டீரியோ நொடிக்குச் சுமார் 130 கிலோபிட் அளவில் சுருக்கியது. டிவிடியின் சுருக்காத ஸ்டீரியோ 1,536. சிம்பல் தேய்ந்து அடங்கும் வாலும், கைதட்டலும் முதலில் அடிவாங்கும். கூட்டத்தின் கைதட்டல் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரே இரைச்சலாகக் கேட்டால் அது சுருக்கத்தின் வேலை. வாங்கும்போது பின்னட்டையில் ரீஜியன் (எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற குறியீடு) பாருங்கள். இந்தியா டிவிடிக்கு 5, ப்ளூ-ரேக்கு சி. 'ஆல்' என்று இருந்தால் கவலை இல்லை.

மர்பி டவுன் வாசகர்: 1971இல் அதே பொம்பெயில் பார்வையாளரே இல்லாமல் பிங்க் ஃப்ளாய்ட் வாசித்த படம்தான் அசல். கில்மர் செய்தது பழைய நினைவை விற்பது.

1971 அக்டோபரில் எடுத்த அந்தப் படம் எங்களுக்கும் உயிர். ஆனால் அதிலும் எல்லாம் பொம்பெயில் எடுத்ததில்லை, கணிசமான பகுதி பாரீஸ் ஸ்டூடியோவில் எடுத்தது. 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' பாட்டில் பெரும்பாலும் டிரம்மர் நிக் மேசனே தெரிவதற்குக் காரணம், மற்றவர்களைப் படம்பிடித்த ரீல்கள் தொலைந்துபோனதுதான். பழைய நினைவை விற்க வந்தவர் என்றால் அந்தப் படத்தின் பாட்டுகளையே வரிசையாக வாசித்திருப்பார். 2016இல் கில்மர் அதிலிருந்து வாசித்தது இந்த ஒரே பாட்டு. மற்ற இருபதில் பல அவருடைய சொந்த ஆல்பங்களிலிருந்து. 'எ போட் லைஸ் வெயிட்டிங்' 2008இல் மறைந்த கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டுக்காக எழுதியது. 1971இல் அதே மண்ணில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த நண்பர் அவர். அந்தப் பாட்டில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுவதை விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

தொம்மலூர் வாசகர்: அவர் கையில் இருக்கும் அந்தக் கறுப்பு கிட்டார் இப்போது எங்கே?

விற்றுவிட்டார். 2019 ஜூன் 20 அன்று நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அதுவரை எந்தக் கிட்டாரும் ஏலத்தில் அந்த விலைக்குப் போனதில்லை. ஏலத்தில் வந்த தொகையைச் சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். படத்தில் அதை நெருக்கமாகக் காட்டும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள்: பிக்-கார்டில் (கிட்டார் உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) பிற்பாடு சேர்த்த ஒரு குட்டி ஸ்விட்ச், அப்புறம் வழக்கத்தைவிடக் குட்டையாக வெட்டிய ட்ரெமலோ கம்பி (அசைத்தால் சுரத்தை நடுங்கவைக்கும் கைப்பிடி). சோலோ வாசிக்கும்போது அந்தக் கம்பியை உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டே பிக்கைப் பிடித்திருப்பார். நீண்ட சுரங்களின் கடைசியில் வரும் அந்த நடுக்கம் அங்கிருந்து வருகிறது.